சொன்னது வேறு, செய்தது வேறு: நடத்தை ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

ஆய்வேட்டின் அட்டையில் ‘நுகர்வோரின் வாங்கும் நடத்தை’ என்று இருக்கும். உள்ளே வினாத்தாளைப் புரட்டினால், யாரும் எதையும் வாங்கியதற்கான தடயமே இருக்காது. ‘சத்துக் குறிப்பைப் படித்த பிறகே பொட்டலத்தை எடுப்பேன்’ என்று ஒரு வாக்கியம். எதிரே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ஐந்து கட்டங்கள். முந்நூறு பேர் டிக் அடிக்கிறார்கள், சராசரி 4.1 வருகிறது, முடிவுரையில் ‘நுகர்வோர் சத்துக் குறிப்பைப் படித்தே வாங்குகிறார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அளந்தது, படிப்பது நல்லது என்று மக்கள் நினைக்கிறார்கள் என்பதை மட்டும்தான். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதல் கேள்வியை இங்கேதான் வைப்பார். வைக்கவும் வேண்டும்.

உடல்நலம், உணவு, செலவு ஆகிய மூன்றிலும் இந்தச் சிக்கல் மற்றவற்றைவிடக் கூடுதல். எது ‘நல்ல பதில்’ என்று எல்லோருக்கும் தெரியும். கேட்பவர் முன்னால் அந்தப் பதிலைத்தான் சொல்லத் தோன்றும். அமெரிக்காவின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் 2003–04இல் மக்களின் இடுப்பில் அசைவுமானியைக் கட்டி அளந்தார்கள். கேள்விக்குப் பதில் சொல்லும்போது பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பரிந்துரைத்த அளவு உடற்பயிற்சி செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். கருவி காட்டியதோ 5 சதவீதத்துக்கும் குறைவு. கருவிக்கும் குறை உண்டு: நீச்சலை அது பிடிக்காது, சைக்கிள் மிதிப்பதைச் சரியாகப் பிடிக்காது. ஆனாலும் அத்தனை பெரிய இடைவெளியை அந்தக் குறைகளால் மட்டும் விளக்கிவிட முடியாது.

எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவிலும் இதே கதைதான். உளவியலாளர்கள் வெப், ஷீரன் இருவரும் 47 சோதனைகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், மக்களின் எண்ணம் 0.66 திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) அளவுக்கு மாறியபோது நடத்தை 0.36 அளவுக்கே மாறியது. ஆகவே ‘வாங்க எண்ணுகிறேன்’ என்பதை அளந்துவிட்டு ‘வாங்குகிறார்கள்’ என்று எழுதுவது, பாதி வழியில் இறங்கிக்கொண்டு ஊர் வந்துவிட்டதாகச் சொல்வதைப் போன்றது.

எண்ணத்தை ஆராய்வதில் தவறே இல்லை. தலைப்பிலேயே ‘வாங்கும் எண்ணம்’ என்று வைத்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. நடத்தைதான் வேண்டும் என்றால், சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் கட்டத்திலேயே நடத்தையை எப்படிப் பிடிக்கப் போகிறோம் என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். பின்னால் சேர்க்கலாம் என்று விட்டால் சேராது.

கையில் காசில்லாமல் நடத்தையை அளப்பது

செலவு அதிகம் ஆகுமே என்றுதான் பலரும் பின்வாங்குகிறார்கள். ஆகாத வழிகள் நிறைய உண்டு.

மிக எளியது, கேள்வியின் காலத்தை மாற்றுவது. ‘வழக்கமாக வாரத்தில் எத்தனை முறை இனிப்புப் பானம் குடிப்பீர்கள்?’ என்றால் மனிதர்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் பிம்பத்தைச் சொல்வார்கள். ‘நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன குடித்தீர்கள்?’ என்றால் நினைவைச் சொல்வார்கள். நினைவும் பிசகும், ஆனால் பிம்பத்தைவிட நம்பலாம். ஒரே ஆளிடம் இரண்டு வேலைநாள், ஒரு விடுமுறை நாள் என்று மூன்று முறை கேட்டால் வாரத்தின் ஏற்ற இறக்கமும் ஓரளவு சிக்கிவிடும். ஒரே ஒரு நாளின் விவரத்தை வைத்து, தனியொருவரின் வழக்கம் இதுதான் என்று முடிவுகட்டக் கூடாது. குழுவின் சராசரிக்கு அது போதும்.

வாங்குவதை அறிய, கடந்த இரண்டு வாரத்து ரசீதுகளைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லலாம். ரசீதில் பெயர், கைபேசி எண், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் இருக்கும். அவற்றை மறைத்து அனுப்பும்படி முதலிலேயே ஒரு மாதிரிப் படத்தோடு விளக்க வேண்டும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று அறிய, முதல் சந்திப்பில் பட்டையில் மீதியிருப்பதை எண்ணிக் குறித்து, மறுசந்திப்பில் மீண்டும் எண்ணலாம். மறுசந்திப்பில் எண்ணுவோம் என்று முன்கூட்டிச் சொன்னால் சிலர் மீதியைக் கொட்டிவிட்டு வருவார்கள். சொல்லாமல் எண்ணினால் ஒப்புதல் படிவத்தோடு முரண்படும். ‘மருந்து சம்பந்தமான சில விவரங்களைப் பார்ப்போம்’ என்ற பொதுவான வரி போதுமா என்பதை, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழுவிடமே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. நடையை அளக்க, பங்கேற்பாளரின் கைபேசியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் கடந்த வார எண்ணிக்கையை வாங்கலாம். ஆய்வு தொடங்கும் முன்பே பதிவானது என்பதால், அளக்கிறார்கள் என்று தெரிந்து கூடுதலாக நடந்திருக்க வாய்ப்பில்லை. கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு நடப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் குறைந்து காட்டும். அதற்கென ஒரு துணைக்கேள்வி வையுங்கள்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: ஆய்வின் கடைசியில் நிஜமான ஒரு தேர்வைக் கொடுப்பது. நன்றிப் பரிசாக இரண்டு தின்பண்டங்களில் ஒன்றையோ, பொருளுக்குப் பதில் அதன் விலையைப் பணமாகவோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எதை எடுத்தார் என்பதே தரவு. இரண்டு பொருளையும் இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் வலக்கைப் பக்கம் இருந்ததுதான் ஜெயிக்கும்.

தேர்வுச் சோதனை, அதாவது பொருளின் விலை, அளவு போன்ற பல பண்புகளைக் கலந்து ‘இந்த மூன்றில் எது?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் முறை, நுகர்வோர் ஆய்வில் பெரிதும் புழங்குகிறது. பண்புகள் ஐந்தாறுக்கு மேல் போனால் மக்கள் விலையை மட்டும் பார்த்துத் தட்டிவிட்டுப் போவார்கள். எட்டு முதல் பன்னிரண்டு கேள்விகள் போதும். ‘எதுவும் வேண்டாம்’ என்ற வாய்ப்பு கட்டாயம் இருக்கட்டும். ஆள் எண்ணிக்கைக்கு ஓர்மின் விதி என்று ஒன்றைச் சொல்வார்கள்: 500ஐ, ஒரு பண்புக்கு அதிகபட்சமாக உள்ள நிலைகளின் (விலை என்றால், எத்தனை வெவ்வேறு விலைகள்) எண்ணிக்கையால் பெருக்கி, கேள்விகள் × வாய்ப்புகளால் வகுக்க வேண்டும். நான்கு நிலை, பத்துக் கேள்வி, மூன்று வாய்ப்பு என்றால் 67 வரும். அது அடிமட்டக் கணக்கு. அதை நம்பி 67 பேரோடு நிறுத்தினால், ஆண்–பெண் என்று பிரித்துப் பார்க்கும்போதே கணக்கு ஆட்டம் காணும். பணம் கைமாறாத தேர்வில் எல்லோரும் தாராளமாக விலை சொல்வார்கள். ஒரு கேள்வியைக் குலுக்கலில் எடுத்து, அதில் அவர் தேர்ந்த பொருளை அந்த விலைக்கே கொடுப்போம் என்று முன்னறிவித்தால் அந்தத் தாராளம் வெகுவாகக் குறையும்.

வினாத்தாள்

ஏற்கெனவே சோதித்த அளவுகோல் இருந்தால் புதிதாக எழுதாதீர்கள். ஆனால் பயன்படுத்த அனுமதி வேண்டுமா, கட்டணம் உண்டா என்று முதலில் பாருங்கள். கட்டண அளவுகோலை அனுமதியின்றிப் பயன்படுத்திய கட்டுரைகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டதும் உண்டு. ‘நீளமாக இருக்கிறது’ என்று இருபது வாக்கியத்தில் எட்டை மட்டும் பொறுக்கி எடுத்தால், பழைய அளவுகோலின் நம்பகத்தன்மையை மேற்கோள் காட்டும் உரிமை போய்விடும்.

மொழிபெயர்ப்பு தனி வேலை. இருவர் தனித்தனியே பெயர்த்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்த்திராத மூன்றாமவர் அதை மறுபடி மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும். பிரிஸ்லின் 1970இல் எழுதிய இந்த மறுபெயர்ப்பு முறை சொல் பிசகைப் பிடிக்கும். பொருள் பிசகைப் பிடிக்காது. அதற்கு வேறு வழி வேண்டும். ஐந்து முதல் பத்துப் பேரை உட்காரவைத்து, ‘இந்தக் கேள்வி உங்களிடம் என்ன கேட்கிறது? உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்’ என்று ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். ‘மனம் சோர்வாக இருந்தது’ என்பதைப் பாதிப் பேர் உடல் களைப்பு என்று புரிந்துகொள்வது அப்போதுதான் தெரியவரும். ஒருநாள் வேலை. இதைச் செய்யாததால் ஒரு வருடத் தரவு வீணாகலாம்.

‘பழமும் காய்கறியும் தவறாமல் சாப்பிடுகிறேன்’ என்பது இரண்டு கேள்வி. ‘அடிக்கடி’ என்பதற்கு ஒருவருக்கு வாரம் ஒருமுறை, இன்னொருவருக்குத் தினமும் மூன்று முறை, எண்ணிக்கையாகக் கேளுங்கள். எதிர்மறை வாக்கியங்களை இடையில் கலந்தால், கணக்கிடும் முன் அவற்றின் மதிப்பைத் திருப்பிப்போட வேண்டும். ஐந்து கட்ட அளவில் 6 கழித்தல் பதில். க்ரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு) திடீரென்று 0.3க்கு விழுந்தாலோ எதிர்மறையாக வந்தாலோ, பத்தில் ஒன்பது முறை இதை மறந்ததுதான் காரணம். ஆல்ஃபா 0.70ஐத் தாண்டிவிட்டால் அளவுகோல் சரி என்றும் எண்ண வேண்டாம். ஒரே கேள்வியைப் பதினைந்து விதமாகக் கேட்டாலும் ஆல்ஃபா 0.95 வரும்.

மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ.–9 என்ற ஒன்பது கேள்வி வினாத்தாளைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தயவுசெய்து கவனியுங்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. யாராவது ‘கிட்டத்தட்ட தினமும்’ என்று குறித்தால் அன்றே யார் பார்ப்பார்கள், யாருக்குத் தகவல் போகும், என்ன உதவி கிடைக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பெயரற்ற இணையப் படிவத்தில் அந்த ஆளைத் தேடிப் போக முடியாது. அப்படியானால் உதவி எண்களை எல்லோருக்கும் தெரியும்படி அதே பக்கத்தில் வையுங்கள், அல்லது அந்தக் கேள்வி இல்லாத எட்டுக் கேள்வி வடிவத்தை எடுங்கள். மூன்று மாதம் கழித்துத் தரவைத் திறக்கும்போது அந்தப் பதிலைப் பார்ப்பது என்பது நடக்கவே கூடாதது.

384 என்ற எண்

ஆய்வேடுகளில் இந்த எண்ணைப் போல ஆராயப்படாமல் நகலெடுக்கப்படும் எண் வேறில்லை. க்ரெஜ்சி, மார்கன் இருவரும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் பெரிய மக்கள்தொகைக்கு 384 என்று இருக்கும். அது எங்கிருந்து வருகிறது? 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி 0.05இன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16. அதாவது, ஒரே ஒரு விகிதத்தை, 95 சதவீத நம்பிக்கையோடு, 5 சதவீதப் புள்ளி முன்பின்னாக மதிப்பிட, முற்றிலும் குலுக்கல் முறையில் ஆள் எடுத்தால் தேவைப்படும் எண்ணிக்கை. ‘புகைப்பவர்கள் எத்தனை சதவீதம்?’ என்ற கேள்விக்கு அது பொருந்தும். இரண்டு குழுக்களை ஒப்பிடவோ தொடர்பைச் சோதிக்கவோ அது எழுதப்படவில்லை. தெரிந்தவர்களுக்கு வாட்ஸாப்பில் சுட்டியை அனுப்பிச் சேர்த்த 384 பேருக்கு அந்த 5 சதவீத வரம்பு பொருந்தவே பொருந்தாது.

வகுப்பு வகுப்பாக, கிளினிக் கிளினிக்காக ஆள் எடுத்தால் இன்னொரு பிரச்சினை: ஒரே இடத்தில் இருப்பவர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பார்கள். இடத்துக்கு 20 பேர், அவர்களிடையே உள்ள ஒப்புமை 0.05 என்றால், 1 + 19 × 0.05 = 1.95 மடங்கு ஆட்கள் வேண்டும். ஆக 384 பேர் 749 ஆக வேண்டும்.

குழு ஒப்பீட்டுக்கு, எதிர்பார்க்கும் விளைவின் அளவிலிருந்து தொடங்க வேண்டும். ஜி-பவர் மென்பொருள் இலவசம். ஐந்து நிமிடத்தில் கணக்கு வரும். விளைவு அரைத் திட்ட விலக்கம், கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் என்றால் குழுவுக்கு 64 பேர். விளைவு 0.2 என்றால் குழுவுக்கு 394. நடத்தை மாற்ற முயற்சிகளில் விளைவு பெரும்பாலும் 0.5ஐவிடச் சிறியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஐந்தில் ஒருவர் விலகுவார் என்றால் 64ஐ 0.8ஆல் வகுத்து 80 பேரைச் சேர்க்க வேண்டும். 64ஓடு 20 சதவீதம் கூட்டி 77 என்று நிறுத்துவது தப்பு.

முன்னோட்ட ஆய்வில் வந்த விளைவை எடுத்து இந்தக் கணக்கில் போடாதீர்கள். குழுவுக்கு 20 பேர் வைத்து 0.5 வந்தால், அதன் நம்பிக்கை இடைவெளி (உண்மையான விளைவு இருக்கக்கூடிய வரம்பு) கிட்டத்தட்ட –0.13 முதல் 1.13 வரை விரியும். முன்னோட்டம் என்பது படிவம் எத்தனை நிமிடம் எடுக்கிறது, எந்தக் கேள்வியில் தயங்குகிறார்கள், எத்தனை பேர் மறுசந்திப்புக்கு வருகிறார்கள் என்று பார்க்கத்தான்.

‘இந்த விளைவு பெண்களிடம் அதிகமா?’ என்ற கேள்வியைக் கடைசியில் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு. இரு குழுக்களுக்கிடையே விளைவு வேறுபடுகிறதா என்று பார்க்கும்போது திட்டப் பிழை (மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்பதன் அளவு) இரண்டு மடங்காகிறது. அந்த வேறுபாடு முதன்மை விளைவில் பாதிதான் என்றால் இன்னும் இரண்டு மடங்கு துல்லியம் வேண்டும். மொத்தம் நான்கு மடங்கு துல்லியம்; ஆட்களின் தேவை துல்லியத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால் பதினாறு மடங்கு ஆட்கள். குழுவுக்கு 64 என்று 128 பேருக்கு வடிவமைத்த ஆய்வில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

முன்–பின் அளவீடு

ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பவர்களாகப் பொறுக்கி எடுத்து, ஒரு மாதம் அறிவுரை கொடுத்து, மறுபடி அளந்தால் குறைந்திருக்கும். அறிவுரையே கொடுக்காவிட்டாலும் குறைந்திருக்கும். அன்று தற்செயலாக உயர்ந்திருந்தவர்களும் அந்தப் பொறுக்கலில் சேர்ந்திருப்பார்கள், அடுத்த முறை அவர்கள் தங்கள் சராசரிக்குத் திரும்புவார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத முன்–பின் ஆய்வில் இதைப் பிரித்தறியவே முடியாது. குழுவுக்கு ஆள் பிரிக்கும்போது ‘வந்த வரிசையில் மாற்றி மாற்றி’ என்பது குலுக்கல் ஆகாது. அடுத்தவர் எந்தக் குழு என்று தெரிந்தாலே யாரைச் சேர்ப்பது என்ற சாய்வு வந்துவிடும். கணினியில் பட்டியல் உருவாக்கி, ஆய்வில் ஈடுபடாத ஒருவரிடம் மூடிய உறைகளில் கொடுத்துவையுங்கள்.

அழுத்தம் அளக்கும்போது ஐந்து நிமிடம் அமரவைத்து, முதுகு சாய்ந்து, கை இதயமட்டத்தில் தாங்கலில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்து, கடைசி இரண்டின் சராசரியைக் குறிப்பது வழக்கம். கைப்பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூடிக் காட்டும். உயரத்தையும் எடையையும் வாய்மொழியாகக் கேட்டால் உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்வார்கள், இரண்டும் சேர்ந்து உடல் நிறை குறியீட்டைக் கீழே இழுக்கும்.

கால அளவும் முக்கியம். 21 நாளில் பழக்கம் உருவாகும் என்ற நம்பிக்கையில் மூன்று வாரத் திட்டம் போடுகிறார்கள். லாலி குழுவினரின் 2010 ஆய்வில், செயல் தானாக நடக்கத் தொடங்க ஆன காலத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 66 நாள். ஆட்களிடையே 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது.

பெயரில்லாத படிவத்தில் முதல் அளவீட்டையும் இரண்டாவதையும் எப்படி இணைப்பது என்பதைப் பலர் இரண்டாம் அளவீடு முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். அப்போது வழியே இல்லை. தாயின் பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியின் நாள், கைபேசியின் கடைசி இரண்டு இலக்கம் என்று மாறாத விவரங்களால் ஒரு குறியீட்டை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ‘பிடித்த நிறம்’ போன்றவை வேண்டாம், அவை மாறும். அறநெறிக் குழுவின் ஒப்புதல் கடிதத் தேதிக்கு முன் ஒரு பதில்கூட வாங்கக் கூடாது. வாங்கியதற்குப் பின்னால் ஒப்புதல் தர எந்தக் குழுவாலும் முடியாது.

கணக்கில் கைவைக்கும் முன்

யாரை நீக்குவோம், எது முதன்மை அளவு, எந்தச் சோதனை என்ற மூன்றையும் தரவைத் திறக்கும் முன்பே தேதியிட்டு எழுதி, ஓ.எஸ்.எஃப். போன்ற, ஆய்வுத் திட்டங்களைப் பதியும் இணையதளத்தில் பதிந்துவையுங்கள். சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் 2011இல் காட்டியது இதற்கான காரணம்: இரண்டு விளைவுகளில் நன்றாக வந்ததை எடுப்பது, ஆள் போதவில்லை என்று குழுவுக்கு இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது, பாலினத்தைக் கட்டுப்படுத்திப் பார்ப்பது, ஒரு குழுவைக் கைவிடுவது ஆகிய நான்கு ‘சின்ன’ சலுகைகள் சேர்ந்தால், இல்லாத விளைவு இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 60.7 சதவீதமாகிறது. இதில் எதையும் ஏமாற்றும் எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை. உணவு நடத்தை ஆய்வில் உலகப் புகழ்பெற்ற பிரையன் வான்சிங்கின் ஆறு கட்டுரைகளை ஜாமா மருத்துவ இதழ்க் குழுமம் 2018இல் ஒரே நாளில் திரும்பப் பெற்றது. கிடைத்த தரவைத் திரும்பத் திரும்ப அலசி முடிவு தேடச் சொன்ன அவருடைய சொந்தப் பதிவிலிருந்துதான் கேள்விகள் கிளம்பின. பட்டப் படிப்பு மாணவர்கள் அந்த வழியைப் பார்த்துத்தான் கற்கிறார்கள் என்பதால் இது வருத்தம் தரும் விஷயம்.

நீக்கும் விதிக்கு ஒரு மாதிரி: இடைநிலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக முடித்தவர்கள், எதிர்மறை வாக்கியம் உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தைக் குறித்தவர்கள், ‘இந்த வரிக்கு இரண்டைக் குறிக்கவும்’ என்ற கவனச் சோதனைகள் இரண்டிலும் தவறியவர்கள். ஒன்றில் மட்டும் தவறியவரை நீக்காதீர்கள், களைத்த மனிதர் யாராக இருந்தாலும் ஒன்றைத் தவறவிடுவார். பரிசுத்தொகை அறிவித்த திறந்த சுட்டி என்றால் தானியங்கி நிரல்கள் வரும். ஒரே நிமிடத்தில் இருபது பதில், திறந்த கேள்விகளுக்கு அளவாக மெருகிட்ட ஒரே சாயல் பத்திகள் ஆகியவை அடையாளம்.

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகலில் மட்டும் வேலை செய்து, ஒவ்வொரு மாற்றத்தையும் புள்ளியியல் மென்பொருளின் கட்டளைகளாக, அதாவது ஆர் நிரலாகவோ எஸ்.பி.எஸ்.எஸ். சின்டாக்ஸாகவோ சேமியுங்கள். ‘பதில் இல்லை’ என்பதற்கு 99 என்று போட்டுவிட்டு அதை மென்பொருளுக்குச் சொல்ல மறந்தால், பங்கேற்பாளர்களின் சராசரி வயது ஏறிக்கொண்டே போகும்.

எழுதும்போது, ஒரே வேளையில் ஒரே படிவத்தில் எடுத்த தரவுக்கு ‘தாக்கம்’, ‘காரணம்’, ‘அதிகரிக்கச் செய்கிறது’ என்ற சொற்கள் வேண்டாம், ‘தொடர்பு’ போதும். அதே தரவிலிருந்து 5000 முறை மறுமாதிரி எடுத்து இடைமாறியை (இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்று ஒன்றை இன்னொன்றோடு இணைப்பதாகக் கருதும் அளவை) சோதித்தாலும் அந்தத் தரவு காரணத்தைச் சொல்லிவிடாது, எது முதலில் நடந்தது என்று அதில் இல்லை. முடிவுகள் இயலின் முதல் பக்கத்தில் ஒரு சிறு வரைபடம் போடுங்கள்: சுட்டியைத் திறந்தவர் எத்தனை, ஒப்புதல் தந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, எந்த விதியால் எத்தனை பேர் நீக்கப்பட்டார்கள், மறு அளவீட்டுக்கு வராதவர் எத்தனை. வராதவர்களின் தொடக்க அளவுகள் வந்தவர்களிடமிருந்து வேறுபடுகின்றனவா என்ற சிறு அட்டவணையையும் அதற்குக் கீழேயே சேருங்கள். எடை குறையாதவர்கள்தான் மறுமுறை எடைபோட வராமல் போகிறவர்களில் அதிகம்.